காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சது?

(பேசியதன் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னதையும், நடுவில் காலிங் பெல் அடித்ததையும் நீக்கியிருக்கிறேன்.)

வழக்கமா இங்க சர்வர், டேட்டாபேஸ், ஆப் எல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னு பேசுவோம். இந்த வாரம் கொசுவும் உண்ணியும். காரணம் என் ரூம்மேட். நான் டாக்டர் இல்லை, படிச்சது இன்ஜினியரிங். அதனால இதை மருத்துவ ஆலோசனையா எடுத்துக்காதீங்க. ஒரு ரிப்போர்ட்டைத் தப்பாப் படிச்சவன், அப்புறம் உட்கார்ந்து ஒழுங்காப் படிச்சுத் தெரிஞ்சுகிட்ட விஷயம்னு எடுத்துக்கோங்க.

நடந்தது இதுதான். ஒரு புதன்கிழமை ராத்திரி அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்தே லாகின் பண்ணி வேலை பார்த்தான். வெள்ளி, சனி, ஞாயிறு என்று காய்ச்சல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. திங்கள் காலையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு லேபில் 'டெங்கு டெஸ்ட்' புக் பண்ணினோம். எதை எடுக்கிறார்கள் என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சாயங்காலம் போனில் ரிப்போர்ட் வந்தது: டெங்கு என்எஸ்1, நெகட்டிவ். அன்று ராத்திரியே காய்ச்சலும் விட்டுவிட்டது. "வைரல்தான்டா, முடிஞ்சுது" என்று சொன்னவன் நான்தான். பிரியாணி ஆர்டர் பண்ணினோம்.

செவ்வாய் காலையில் அவனுக்கு வயிற்று வலி. எதைக் குடித்தாலும் வாந்தி. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். டியூட்டி டாக்டர் நான் நீட்டிய நெகட்டிவ் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி: "காய்ச்சல் என்னைக்குத் தம்பி ஆரம்பிச்சது?"

அவன் "வெள்ளிக்கிழமை" என்றான். நான் "புதன்" என்றேன். போனை எடுத்து சாட்டைப் பார்த்தேன். புதன் ராத்திரி 11:40க்கு அவன் பக்கத்து ரூமிலிருந்தே எனக்கு அனுப்பியிருந்தான்: "மாத்திரை இருக்கா?" டாக்டர் அந்தத் தேதியைக் கேஸ் ஷீட்டின் மேலேயே எழுதி வட்டம் போட்டார். அதற்கு அப்புறம்தான் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். "ஆறாவது நாள்ல என்எஸ்1 மட்டும் எடுத்திருக்கீங்க. இதை வச்சு டெங்கு இல்லைன்னு சொல்ல முடியாது."

அந்த வட்டம்தான் இந்த எபிசோட்.

முதலில் டெஸ்ட் என்ன பார்க்கிறது என்பதைப் புரிந்துகொள்வோம். 'டெங்கு டெஸ்ட்' என்று ஒரே ஒரு டெஸ்ட் கிடையாது. மூன்று விதம் இருக்கிறது, மூன்றும் மூன்று வேறு கேள்விகளைக் கேட்கின்றன. பிசிஆர், ரத்தத்தில் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று தேடும். டெங்குவில் நான்கு வகை உண்டு, அதில் எது என்பதையும் பிசிஆரால் சொல்ல முடியும். என்எஸ்1 டெஸ்ட் வைரஸையே தேடுவதில்லை. வைரஸ் புகுந்த செல்கள் ரத்தத்தில் கொட்டுகிற ஒரு புரதத்தைத் தேடுகிறது. இந்த இரண்டும் காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில் நன்றாக வேலை செய்யும். அதற்குப் பிறகு ரத்தத்தில் வைரஸ் வேகமாகக் குறைந்துவிடும்.

மூன்றாவது ஐஜிஎம். இது வைரஸைப் பற்றிய கேள்வியே இல்லை, நம் உடம்பு அதற்குக் காட்டும் எதிர்வினை. அந்த ஆன்டிபாடி தேடினால் கிடைக்கும் அளவுக்கு வர நாலைந்து நாள் ஆகும். வந்தபின் இரண்டு மூன்று மாதம்கூட ரத்தத்தில் இருக்கும். அதனால் ரெண்டாவது நாளில் ஐஜிஎம் எடுத்தால் நெகட்டிவ் வரலாம், ஆறாவது நாளில் என்எஸ்1 எடுத்தாலும் நெகட்டிவ் வரலாம். ரெண்டு பேருக்கும் டெங்கு இருக்கலாம். இந்திய அரசின் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: முதல் ஐந்து நாளுக்கு என்எஸ்1 எலிசா, ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஐஜிஎம் எலிசா. சீக்கிரமே கோடு காட்டும் கார்டு டெஸ்ட்டில் பாசிட்டிவ் வந்தாலும், அரசுக் கணக்கில் அது 'இருக்கலாம்' என்ற வகைதான். எலிசாவில் வந்தால்தான் உறுதி.

என் ரூம்மேட் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. இரண்டு நாள் கழித்து வந்த எலிசாவில் ஐஜிஎம் பாசிட்டிவ், ஐஜிஜியும் அதிகம். அதாவது எப்போதோ ஒருமுறை, அவனுக்கே தெரியாமல், ஏற்கெனவே டெங்கு வந்து போயிருக்கிறது. இரண்டாம் முறை வரும்போது பழைய ஆன்டிபாடிகள் சீக்கிரமே களத்தில் இறங்கி, அந்த என்எஸ்1 புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது டெஸ்ட்டுக்கு அது அகப்படாமல் போகும் வாய்ப்பு இன்னும் கூடுதல். கொடுமை என்னவென்றால், டெங்கு தீவிரமாகும் ஆபத்தும் இரண்டாம் முறையில்தான் அதிகம். யாருக்கு டெஸ்ட் அவசியமோ அவர்களிடம்தான் அது கோட்டைவிடுகிறது.

சரி, காய்ச்சல்தான் விட்டுவிட்டதே? அதுதான் நான் பண்ணின இரண்டாவது தப்பு. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் சமயத்தில், அதை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில் வருகிறது. சின்ன ரத்தக் குழாய்களிலிருந்து திரவம் வெளியே கசிய ஆரம்பிக்கும். நாம எல்லாரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டு, பப்பாளி இலையைத் தேடி அலைகிறோம். டாக்டர் அதே ரிப்போர்ட்டில் பிசிவி என்ற வரியையும் பார்த்தார். திரவம் கசிந்தால் மிச்சமிருக்கும் ரத்தம் கெட்டியாகும், பிசிவி ஏறும். அவனுக்கு ஏறியிருந்தது. விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஒரே அசதி அல்லது நிலைகொள்ளாமை: இதில் எது வந்தாலும் ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தாலும் ஆஸ்பத்திரிதான். வலிக்கு ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளை நாமே போட்டுக்கொள்ளவும் கூடாது, ரத்தக் கசிவை அது மோசமாக்கும்.

(அவன் நல்லாயிருக்கான். ஐந்து நாள் டிரிப்ஸ். பிரியாணிக்காசை இன்னும் கேட்கிறான்.)

ஒரு சின்ன இடைச்செருகல். புதன் ராத்திரி காய்ச்சல்னா, புதன் முதல் நாளா, வியாழன் முதல் நாளா? கோட் எழுதுறவங்களுக்கு இந்தச் சண்டை நல்லாத் தெரியும், பூஜ்யத்திலிருந்து எண்ணுவதா ஒன்றிலிருந்து எண்ணுவதா. அதனால் டாக்டரிடம் 'நாலு நாளா' என்று சொல்வதைவிடத் தேதியைச் சொல்லிவிடுங்கள். எண்ணிக்கையை அவர்கள் போட்டுக்கொள்வார்கள்.

ஆன்டிபாடி டெஸ்ட்டில் நாள் கணக்கைத் தாண்டி இன்னொரு சிக்கலும் உண்டு. டெங்கு, ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெஸ்ட் நைல் இவையெல்லாம் ஒரே குடும்பத்து வைரஸ்கள். ஒன்றுக்காக உருவான ஆன்டிபாடி, இன்னொன்றின் டெஸ்ட்டிலும் கை தூக்கும். இதனால் ஒரு பெரிய நகரமே தவறான பெயரைச் சொன்ன கதை இருக்கிறது.

1999 ஆகஸ்ட், நியூயார்க். குவீன்ஸ் பகுதியில் டெபோரா ஆஸ்னிஸ் என்ற டாக்டர் தன் ஆஸ்பத்திரியில் விநோதமான மூளைக்காய்ச்சல் கேஸ்களைப் பார்க்கிறார். வயதானவர்கள், காய்ச்சல், குழப்பம், கூடவே தசை பலவீனம். நகரச் சுகாதாரத் துறைக்குப் போன் பண்ணிச் சொல்கிறார். ஆன்டிபாடி சோதனை நடக்கிறது. செப்டம்பர் தொடக்கத்தில் அறிவிப்பு வருகிறது: செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல். அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்த, கொசு பரப்பும் நோய்தான். மருந்து அடிக்கிறார்கள்.

அதே வாரங்களில் நகரத்தில் காக்கைகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. ப்ராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையில் ஃப்ளமிங்கோ போன்ற பறவைகளும் செத்தன. அங்கே நோய்க்கூறியல் வல்லுநராக இருந்த டிரேசி மெக்நமாராவுக்கு இது ஒட்டவில்லை. செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளின் உடம்பில் இருக்கும், ஆனால் அவற்றை இப்படிக் கொல்லாது. மனித நோயும் பறவைச் சாவும் ஒன்றுதானா என்று பாருங்கள் என்று அவர் விடாமல் கேட்டார். செப்டம்பர் கடைசியில் மரபணுவைப் பார்த்தபோது தெரிந்தது, அது வெஸ்ட் நைல். அமெரிக்கக் கண்டங்களிலேயே அதுவரை யாரும் பார்த்திராத வைரஸ். ரெண்டும் ஒரே குடும்பம், அதனால் ஆன்டிபாடி குழப்பிவிட்டது. அந்த வருஷம் 62 பேருக்கு நோய், 7 பேர் இறந்தார்கள்.

அதிர்ஷ்டவசமாக இரண்டையும் பரப்புவது க்யூலெக்ஸ் கொசுக்கள்தான், அதனால் அடித்த மருந்து வீணாகவில்லை. ஆனால் 2000-ல் அமெரிக்காவில் ஆர்போநெட் என்ற கண்காணிப்பு முறை வந்தபோது, அதில் மனிதர்களோடு பறவை, குதிரை, கொசு எல்லாவற்றின் தகவலும் ஒரே இடத்துக்கு வரும்படி செய்தார்கள். நான் அதை ஒரு இன்ஜினியராகப் பார்க்கிறேன். மனிதன் நோயாளியாகி ஆஸ்பத்திரிக்கு வருவது அந்த சிஸ்டத்தில் கடைசி அலாரம். அதற்கு முன்னால் அடிக்கும் அலாரங்கள் வேறு எங்கோ இருக்கின்றன.

இதற்கு நியூயார்க் வரை போகத் தேவையில்லை. நம் பக்கத்து மாநிலத்தில் 42 வருஷம் முன்பே இது நடந்திருக்கிறது. 1957, இன்றைய கர்நாடகாவின் ஷிமோகா மாவட்டம், கியாசனூர் காடு. குரங்குகள் செத்துக் கிடந்தன. சுற்றியிருந்த கிராமங்களில் கடும் காய்ச்சல். புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையம், அதாவது இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம், ஆட்களை அனுப்பியது. முதல் பயம் மஞ்சள் காய்ச்சல். ஏனென்றால் குரங்கும் மனிதனும் சேர்ந்து சாகிற, எல்லாருக்கும் தெரிந்த நோய் அதுதான். இந்தியாவுக்குள் அது வந்ததே இல்லை. வந்துவிட்டதோ என்று பதறினார்கள். கடைசியில் கிடைத்தது உலகத்துக்கே புதிய வைரஸ். ரஷ்யக் காடுகளில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்குச் சொந்தக்காரன். காட்டின் பெயரையே நோய்க்கு வைத்தார்கள். மக்கள் வாயில் அது குரங்குக் காய்ச்சல்.

இதைப் பரப்புவது கொசு இல்லை, உண்ணி. மாடு மேலயும் நாய் மேலயும் நாம பார்க்கிற அதே ஜாதிதான். காட்டில் மனிதனைக் கடிப்பது பெரும்பாலும் முழு வளர்ச்சி அடையாத, எள்ளளவு இருக்கும் பருவம். அது கடித்ததே பலருக்குத் தெரியாது. குரங்கு செத்ததும் அதன் மேலிருந்த உண்ணிகள் உடலை விட்டுச் சுற்றிலும் பரவும். அந்த இடத்தில் விறகு பொறுக்கவோ சருகு அள்ளவோ போகிறவர் மாட்டிக்கொள்வார். அதனால் அங்கே கண்காணிப்பு என்பதே செத்த குரங்கிலிருந்து ஆரம்பிக்கிறது. யாராவது பார்த்துச் சொன்னால், உடலிலிருந்து மாதிரி எடுப்பார்கள், சுற்றுப்புறத்தில் பூச்சிமருந்து தூவுவார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று ஊருக்குச் சொல்வார்கள். உண்ணி இருக்கிறதா என்று பார்க்கும் வழி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு வெள்ளைத் துணியைக் காட்டுத் தரையில் இழுத்துக்கொண்டே நடப்பார்கள். ஏதோ விலங்கு போகிறது என்று உண்ணி அதில் தொற்றிக்கொள்ளும். துணியிலிருந்து பொறுக்கி எடுத்து, கும்பல் கும்பலாகச் சேர்த்து, லேபில் வைரஸ் இருக்கிறதா என்று சோதிப்பார்கள்.

டிசம்பர் முதல் மே வரைதான் இதன் சீசன். 2012-13 வாக்கில் பந்திப்பூர், வயநாடு, நம்ம நீலகிரிப் பக்கம் வரைக்கும் இந்த வைரஸின் தடம் கிடைத்தது. அங்கெல்லாம் வார இறுதியில் ட்ரெக் போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். திரும்பி வந்து காய்ச்சல் வந்தால், தொடங்கிய தேதியோடு காட்டுக்குப் போன தேதியையும் சொல்லுங்கள். இங்கேயும் அதே விதிதான்: முதல் சில நாளில் பிசிஆர், அப்புறம் ஐஜிஎம். டாக்டருக்குக் காடு தெரியாவிட்டால் இந்த டெஸ்ட்டைக் கேட்கவே அவருக்குத் தோன்றாது.

இப்போ நகரத்துக்குத் திரும்பலாம். ஒருத்தருக்கு டெங்கு உறுதியானால், அந்தத் தகவலை வைத்து என்ன செய்கிறார்கள்? இங்கேதான் என் ரூம்மேட்டின் புதன்கிழமை, ஊருக்கே தேவைப்படும் டேட்டா ஆகிறது.

டேட்டா வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு அடிப்படைப் பாடம் உண்டு: ஒரு விஷயம் நடந்த நேரம் வேறு, அது நம் சிஸ்டத்தில் பதிவான நேரம் வேறு. ஒன்றாம் தேதி காய்ச்சல் ஆரம்பிக்கிறது. நாலாம் தேதி வரை மாத்திரை. ஆறாம் தேதி ரத்தம். எட்டாம் தேதி எலிசா. ஒன்பதாம் தேதி சுகாதாரத் துறைக்குத் தகவல், பத்தாம் தேதி தெருவில் புகை அடிக்கும் வண்டி. இதற்குள் என்ன நடந்திருக்கும்? காய்ச்சலுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அவர் ரத்தத்தில் வைரஸ் இருக்கிறது. அப்போது அவரைக் கடித்த ஏடிஸ் கொசு, 8 முதல் 12 நாளில் மற்றவர்களுக்குப் பரப்பத் தயாராகிவிடும். வண்டி வருவதும் அந்தக் கொசு தயாராவதும் ஏறக்குறைய ஒரே நாள்.

பின்பக்கமாகவும் எண்ணலாம். கொசு கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும். தொடங்கிய தேதி சரியாகத் தெரிந்தால், அந்த நாட்களில் அவர் வீட்டில் இருந்தாரா, ஆபீஸிலா, சொந்த ஊரிலா என்று கேட்டு, எங்கே கொசுவைத் தேடணும் என்று முடிவு செய்யலாம். ஏடிஸ் ரொம்ப தூரம் பறக்கிற கொசு இல்லை. புதன் என்பதை வெள்ளி என்று சொன்னால், தேடுகிற தெருவே மாறிப்போகலாம்.

இதெல்லாம் கணக்கில் வந்தவர்களைப் பற்றி. வராதவர்கள் எத்தனை பேர்? 2013-ல் வந்த ஒரு ஆய்வு, உலகில் வருஷத்துக்கு 39 கோடி டெங்குத் தொற்று, அதில் 9.6 கோடி பேருக்குத்தான் ஏதாவது அறிகுறி தெரிகிறது என்று மதிப்பிட்டது. 2014-ல் இந்தியாவுக்கு மட்டும் ஒரு மதிப்பீடு வந்தது, அதற்காக விவரம் திரட்டிய இடங்களில் மதுரை மாவட்டமும் ஒன்று. 2006 முதல் 2012 வரை அரசுக் கணக்கில் சராசரியாக வருஷத்துக்கு சுமார் 20 ஆயிரம் பேர். ஆய்வின் மதிப்பீடு சுமார் 58 லட்சம். 282 மடங்கு. இதில் யாரோ மறைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டில் மாத்திரை போட்டவர், கார்டு டெஸ்ட்டோடு நிறுத்தியவர், தப்பான நாளில் தப்பான டெஸ்ட் எடுத்து நிம்மதியாகப் பிரியாணி சாப்பிட்டவர், எல்லாரும் அந்த இடைவெளியில் இருக்கிறோம்.

அதனால்தான் நோயாளியை மட்டும் எண்ணாமல் புழுவையும் எண்ணுகிறார்கள். உங்கள் தெருவில் டார்ச்சோடு வந்து தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கும் பணியாளர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் திட்டுவதற்கு வருவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். அவர்கள் எடுப்பது டேட்டா. நூறு வீடு பார்த்து எட்டு வீட்டில் கொசுப்புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 8. அந்த எட்டு வீட்டில் மொத்தம் பதினைந்து பாத்திரத்தில் புழு இருந்தால் ப்ரட்டோ குறியீடு 15. டயர், பூந்தொட்டித் தட்டு, மூடியில்லாத சின்டெக்ஸ், உபயோகிக்காத ஆட்டுக்கல் எல்லாம் பாத்திரம்தான். முட்டை, காய்ந்த தொட்டியின் ஓரத்தில் மாசக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். தண்ணீர் பட்டால் ஒரு வாரம் பத்து நாளில் கொசு.

இந்தக் கணக்கின் ஓட்டை எங்கே தெரியுமா? பூட்டிய வீடு. காலையில் ஒன்பது மணிக்குக் கிளம்பி ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிற எங்களை மாதிரி ஆட்களின் ஃபிளாட். நூறில் இருபது வீடு பூட்டியிருந்தால், குறியீடு மிச்ச எண்பதைப் பற்றி மட்டும்தான் பேசும். எங்கள் கதவுக்கு வெளியே சுவரில் பென்சிலால் எழுதிய தேதிகள் இருந்தன, நான் வாடகைக்கு வந்த நாளிலிருந்து பார்த்தும் கவனிக்காதவை. நாலு தேதி. நாலிலும் 'பூட்டு'.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நாள் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். அன்று அவர்கள் வந்தார்கள். வந்த அக்கா பாத்ரூம் வாளியைப் பார்த்தார், பால்கனியைப் பார்த்தார், "சுத்தமாத்தான் வச்சிருக்கீங்க தம்பி" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் முன்னால் இழுக்கச் சொல்லி, பின்னாடி கீழே இருந்த தட்டில் டார்ச் அடித்தார். தண்ணீர் தேங்கி நிற்கிற தட்டு. அப்படி ஒரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. வெளிச்சம் பட்டதும் உள்ளே இருந்தவை நெளிந்துகொண்டு அடிக்குப் போயின.

அந்தக் கொசுதான் அவனைக் கடித்ததா, ஆபீஸில் கடித்ததா என்றெல்லாம் சொல்ல முடியாது. அக்கா தட்டைக் கழற்றிக் கொட்டி, தேய்த்துக் கழுவச் சொன்னார், ஓரத்தில் முட்டை ஒட்டியிருக்குமாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று கேட்டார். சொன்னேன். நோட்டைத் திறந்துகொண்டு அடுத்துக் கேட்டார்: "என்னைக்கு ஆரம்பிச்சது?"

இந்த முறை சாட்டைப் பார்க்கத் தேவைப்படவில்லை. சுவரில் தேதி போட்டுவிட்டு, அடுத்த வாரமும் இதே கிழமை வருவேன் என்று சொல்லிப் போனார். ஒரு சாவி இப்போ வாட்ச்மேன் அண்ணன்கிட்ட இருக்கு.